உதைக்கும் துப்பாக்கியும் குறிபார்க்கும் கண்ணும்

மலாயாவின் வேட்டை வரலாற்றை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்டத் துரைமாருமே ஆவர். அவர்தம் நூல்களில் யானையின் ஆற்றலும், செலாடாங்கின் சினமும், வேடரின் துணிவும் பக்கம் பக்கமாக வருணிக்கப்பட்டுள்ளன. துப்பாக்கியைப் பற்றியும் ஓரளவு செய்தி கிடைக்கின்றது. ஆயின், வேடனின் கண்ணுக்கும் விலங்குக்கும் நடுவே நின்ற குறிகருவியைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. வெடிபட்ட விலங்கு நின்ற இடத்திலேயே வீழ்ந்ததா, காயத்தோடு ஓடி மறைந்ததா என்பதைப் பெரிதும் முடிவு செய்தது அக்கருவியே. காயத்தோடு ஓடிய விலங்கு துரையின் பங்களாவை நாடிப் போகாது. அதன் இரத்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு முன்னே நடந்தவன் தடம் காட்டும் மலாய்க்காரனோ பூர்வகுடியினனோ ஆவான். மறுநாள் இருள் பிரியுமுன் பால் வெட்டக் கிளம்பியவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். ஆகவே, பேராக் மாநிலத்தின் வேட்டைக் கதையைத் துப்பாக்கியின் முதுகிலிருந்து பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேராக்கின் நிலை எத்தகையது என்பதை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் பெருகி, ஈப்போ ஓர் ஊராக உருவெடுத்துக்கொண்டிருந்தது. சுரங்கத்தின் எல்லை முடிந்த இடத்தில் காடு தொடங்கிற்று. பேராக்கில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலாய்க் காடுகளில்’ என்னும் நூலில், கிந்தாவைச் சேர்ந்த பிஞ்சி ஆற்றுப் பகுதியில் நிகழ்ந்த காண்டாமிருக வேட்டைக்கே ஓர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது. இன்று வீடுகளும் சாலைகளும் நிறைந்து கிடக்கும் அவ்விடத்தில் காண்டாமிருகம் திரிந்தது என்றால் இளைய தலைமுறை நம்பத் தயங்கும். 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், அந்நாளில் தெலுக் அன்சன் எனப்பட்ட தெலுக் இந்தானுக்கு அருகில், ஒரு காட்டு யானை ஓடிவந்த இரயிலையே எதிர்த்து மோதித் தடம் புரளச் செய்து தானும் மாண்டது. தன் கூட்டத்தைக் காக்க முனைந்த அவ்யானைக்கு அவ்விடத்தில் நினைவுப் பலகை நாட்டப்பட்டது.

இத்தகைய விலங்குகளை எதிர்நிற்க வெள்ளையர் கொண்டுவந்த துப்பாக்கிகள் எளியவை அல்ல. செலாடாங் என்பது சங்கப் புலவர் ‘ஆமா’ எனப் பாடிய காட்டு மாட்டினமே. வளர்ந்த காளை 900 கிலோ வரை எடை உடையது. கூட்டு மலாய் நாடுகளின் முதல் போலீஸ் ஆணையராக விளங்கிய சையர்ஸ் 1897இல் பகாங் காட்டில் செலாடாங்கினால் குத்துண்டு இறந்தார். காவல்துறைத் தலைவருக்கே நேர்ந்த இம்முடிவு, சிறிய துப்பாக்கியோடு பெரிய விலங்கின் முன் செல்லலாகாது என்னும் எண்ணத்தை வேடரிடையே உறுதிப்படுத்தியிருக்கும்.

முன்னர்க் கரிமருந்து நிரப்பிய பருங்குழல் துப்பாக்கிகள் வழங்கின. 1898இல் ரிக்பி என்னும் ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனம் புகையற்ற மருந்தில் இயங்கும் .450 இரட்டைக்குழல் ரைபிளை அறிமுகம் செய்தபின் நிலைமை மாறியது. 31 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 650 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்தது. 1907ஆம் ஆண்டை ஒட்டி, கலகக்காரர் கையில் தோட்டாக்கள் சிக்கிவிடும் என்னும் அச்சத்தால் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதனால் .465, .470 முதலிய புதிய அளவுகள் தோன்றின. 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .375 மாக்னம் வந்தது. ஓர் அரசின் அச்சம் துப்பாக்கிக் குழலின் விட்டத்தையே மாற்றியது என்பது வரலாற்றில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

இனி, உதைப்புக்கு வருவோம். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே பாய்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதியன்றி வேறில்லை. நான்கு கிலோ எடையுள்ள .303 இராணுவ ரைபிள் வினாடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் தோளில் மோதும். அதன் ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல். ஐந்து கிலோ எடையுள்ள .450 ரைபிளோ வினாடிக்கு ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், 65 ஜூல் அளவான ஆற்றலோடு உதைக்கும். அதாவது நான்கு மடங்கு. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதைப் புறநானூறு போற்றுகின்றது. அவன் வில்லும் வன்மை உடையதுதான். ஆயினும் அது எய்தவனின் முகத்தை நோக்கித் திரும்பிப் பாயவில்லை.

இத்தகைய துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்துவது என்பது எளிய காரியமா? தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி அக்காலத்தில் புதுமை அன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே குழலின் நீளத்துக்கு நீண்ட தொலைநோக்கிகள் பயன்பட்டன. 1900ஆம் ஆண்டில் வியன்னா நகரின் காலஸ் நிறுவனம் வேட்டைக்கென்றே தொலைநோக்கிகளைச் செய்து விற்றது. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் மலைச்சரிவில் நிற்கும் மானைத் தொலைவிலிருந்து சுட அவற்றை விரும்பினர். ஆயினும் யானை வேட்டைக்கான இரட்டைக்குழல் ரைபிளின் மேல் முன்னே ஒரு மணியும் பின்னே அகன்ற ஒரு பள்ளமும் மட்டுமே இருந்தன. ஆங்கிலேயர் பழைமையில் பிடிவாதம் உடையவர் என்பது ஒரு காரணமாகலாம். அதைவிட வலிய காரணம் கண்.

தொலைநோக்கியின் வழியே முழுக் காட்சி தெரிவதற்குக் கண் அதன் பின்கண்ணாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் இருத்தல் வேண்டும். இதனைக் கண்ணிடைத் தொலைவு எனலாம். பல பழைய கருவிகளில் இத்தொலைவு ஏழெட்டுச் சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. துப்பாக்கி தோளை அமுக்கிக்கொண்டு பின்வரும்போது அந்த இடைவெளி கரைந்துவிடும். தொலைநோக்கியின் உலோக விளிம்பு புருவத்தின் மேல் பிறை வடிவில் வெட்டிவிடும். பரண்மீது அமர்ந்து கீழ்நோக்கிச் சுடுபவனுக்கு ஆபத்து இன்னும் மிகுதி. உடல் கூனித் தலை முன்னே சாய்ந்திருத்தலின், கண் தானே கருவியை நெருங்கிவிடுகிறது. புலி வேட்டை பெரும்பாலும் பரண்மீதிருந்தே நடந்தது என்பது இங்கு நினைவிற்குரியது.

புருவக் காயம் சில நாளில் ஆறிவிடும். ஆறாதது மனத்தில் பதியும் அச்சம். ஒருமுறை அடிபட்டவன் அடுத்த முறை விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடுகிறான். தோள் தானாகவே முன்னே தள்ளுகிறது, குழல் தாழ்கிறது. இதயத்தைத் துளைக்க வேண்டிய குண்டு வயிற்றில் பாய்கிறது. புலிகள் ஆட்கொல்லிகளாக மாறுவதற்குரிய காரணங்களை ஆராய்ந்த ஜிம் கார்பெட், 1944இல் வெளிவந்த தம் குமாவோன் நூலில், கவனமின்றிச் சுடப்பட்ட வெடியையும், காயம்பட்ட புலியைத் தேடி முடிக்காமல் விட்டுவிடும் தவற்றையும் தெளிவாகச் சுட்டியுள்ளார். துரையின் புருவத்தில் விழுந்த வெட்டிலிருந்து தொழிலாளியின் கழுத்தில் விழும் நகம் வரை ஒரு நேர்க்கோடு ஓடுகிறது என்பது மிகையன்று.

நிலமும் தொலைநோக்கிக்கு எதிராகவே நின்றது. நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் வரையாடு 200 கஜத்துக்கு அப்பாலும் பாறைமேல் தெளிவாக நிற்கும். 1877இல் அங்கே தோன்றிய வேட்டைச் சங்கமும் 1879இல் இயற்றப்பட்ட நீலகிரி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அந்த வேட்டை எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும். அத்தகைய திறந்த வெளியில் கண்ணுக்குத் துணை தேவை. பேராக்கின் மழைக்காட்டில் 20 கஜம் தெரிந்தாலே பெரிது. மூங்கிற் புதரும் பிரம்புக் கொடியும் மண்டிய இடத்தில் யானையின் கால் மட்டும் மரத்தண்டுபோல் தெரியும், தலை தெரியாது. அங்கே பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து நோக்கினால் என்ன காணலாம்? அது 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தைக் காட்டும். 20 மீட்டரிலோ 80 சென்டிமீட்டர்தான். கறுத்த தோலின் ஒரு திட்டுத் தெரியும். அது தோளா, தொடையா என்று தெரியாது. தென்னிந்தியக் காடுகளில் வேட்டையாடி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சனும் .405 வின்செஸ்டர் ரைபிளையே நெடுங்காலம் கையாண்டார். சுட்ட தோட்டாவின் கூடு மேல்வாயின் வழியே தெறித்து விழும் அமைப்பாதலின், அதன்மேல் தொலைநோக்கியை இயல்பாகப் பொருத்த இயலாது. அவர் நம்பியது திறந்த குறியையும், இரவில் துப்பாக்கியோடு பிணைத்த மின்விளக்கையுமே.

இந்த நிலையை ரப்பர் மாற்றியது. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகள் பேராக்கின் முகத்தையே மாற்றப் போவதை அவரே முழுமையாக உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து தோட்டமாயிற்று. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் என எங்கும் நிரை நிரையாக மரங்கள் நின்றன. மழைக்காட்டில் இல்லாத ஒன்று தோட்டத்தில் இருந்தது. நேரான, நெடிய பார்வை. இரு நிரைகளுக்கு இடையே நூறு கஜத்துக்கு அப்பாலும் ஒரு பன்றி கிளறுவதைக் காணலாம். இளங்கன்றுகளின் வேரைக் கிளறும் பன்றியைச் சுடுவது தோட்ட நிர்வாகத்தின் தேவையாயிற்று. லயத்துத் தமிழர் வளர்த்த மாடுகளைப் புலி அடிப்பதும் தோட்ட வாழ்வில் அரியதன்று. வேட்டை இவ்வாறு விளையாட்டு நிலையிலிருந்து காவல் நிலைக்கு வந்தது.

இங்கே ஒரு சிறு முரண் உண்டு. தொலைநோக்கிக்கு இடந்தந்த தோட்டமே தவறான வெடிக்குப் பெரும் விலை கேட்ட இடமுமாகும். காட்டின் நடுவில் காயம்பட்ட பன்றியோ புலியோ ஒருவேளை மனிதனையே காணாமல் மடியும். தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் ஆணும் பெண்ணும் வாளியும் உளியும் ஏந்தி ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்துவிடுவர். அரையிருளில் அடுத்த நிரையில் யார் நிற்கிறார் என்பதே தெரியாது. வடிகாலுக்குள் பதுங்கிய விலங்கு முதலில் சந்திப்பது அவர்களையே. துப்பாக்கி உரிமம் யாரிடம் இருந்தது, ஆபத்து யாரிடம் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால், தோட்டச் சமுதாயத்தின் அமைப்பே அதில் விளங்கும். கங்காணி கையிலும் கம்புதான் இருந்தது.

தொலைநோக்கியும் இதற்கிடையில் வளர்ந்தது. 1930இல் அமெரிக்கரான வீவர் எளிய விலையில் ‘330’ என்னும் சிறு தொலைநோக்கியைச் செய்து வெளியிட்டார். செல்வரின் உடைமையாக இருந்த கருவி உழவன் கைக்கும் எட்டியது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்னும் அறிவியலாளர் கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசி ஒளி சிதறாமல் காக்கும் முறையைக் கண்டார். மங்கிய பொழுதில் இதன் பயன் மிகப் பெரிது. 1937 முதல் வின்செஸ்டர் நிறுவனத்தின் 70ஆம் எண் ரைபிள் .375 மாக்னம் அளவிலும் கிடைத்தது. ஒற்றைக் குழலும் பின்தாழ்ப்பாளும் உடைய அதன்மேல் தொலைநோக்கியைத் தாழ்வாகப் பொருத்த முடிந்தது. இரட்டைக்குழல் ரைபிளின் வளைந்த முதுகு தராத வசதி இது.

மலாயாவின் ஈரம் மட்டும் எதற்கும் அஞ்சவில்லை. அதிகாலைக் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும். சில திங்களில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். நிழற்படக் கருவியை அலமாரியில் பூட்டி வைத்து இழந்த அனுபவம் இந்நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளிலும் நியூகினியிலும் போரிட்ட படைகளின் தொலைநோக்கிகளை இப்பூஞ்சை பெரிதும் வருத்தியது. போருக்குப் பின், 1940களின் இறுதியில், லியூபோல்ட் நிறுவனம் குழாயினுள் இருந்த காற்றை நீக்கி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி இறுக மூடும் முறையைக் கையாண்டது. உள்ளே ஈரம் இல்லையேல் பனிப்பும் இல்லை. வெப்பநாட்டு வேடனுக்கு உருப்பெருக்கத்தைவிட இது இன்றியமையாதது.

பெரிதாக உதைக்கும் ரைபிளுக்கு எத்தகைய தொலைநோக்கி பொருந்தும் என்பது நூறாண்டு அனுபவத்தில் மெல்ல மெல்லத் தெளிந்த பாடம். பெரிதாக்கும் ஆற்றலை முதலில் கேட்பதே புதியவர் செய்யும் பிழை. கண்ணிடைத் தொலைவையே முதலில் கேட்டல் வேண்டும். ஒன்பது, பத்துச் சென்டிமீட்டர் இருப்பின் நன்று. அதற்குக் குறைந்தால் புருவம் தப்பாது. அடுத்தது எடை. பெருந்துப்பாக்கி ஓரிரு மில்லி வினாடிக்குள் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தை எட்டிவிடும். அக்கணத்தில் 400 கிராம் எடையுள்ள தொலைநோக்கி தன்னைப் பிடித்திருக்கும் வளையங்களை ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்கினாற்போல் இழுக்கும். இரு மடங்கு எடை இருப்பின் இழுப்பும் இரு மடங்காகும். சிறிய திருகாணிகள் அதனைத் தாங்கா. வளையங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருக்க, ஒரு முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குறி 100 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் விலகிவிடும். சுடுபவன் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. குறுக்குக் கோடு விலங்கின் தோளிலேயே நிற்கும். குண்டு மட்டும் வேறிடம் போகும். திறந்த குறி வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். தொலைநோக்கி பொய் சொன்னால் தெரியாது. பழைய வேடர் அதனை ஐயுற்றதில் நியாயம் இல்லாமலில்லை.

ஒளியின் கணக்கும் எளியதே. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் கண்ணாடி நான்கு மடங்கு பெருக்கினால் எட்டு மில்லிமீட்டர். அதுவே எட்டு மடங்கு பெருக்கினால் நான்குதான். இருளில் இளைஞனின் கண்மணி ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் விரியும். முதியவனுக்கு ஐந்தளவே விரியும். மாலை மங்கலில் பன்றி வெளிவரும் வேளையில், குறைந்த பெருக்கமே நிறைந்த ஒளியைத் தருகிறது. ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை மாற்றத்தக்க சிறு தொலைநோக்கிகள் பேருதைப்பு ரைபிள்களுக்கு உரியவையாக உலகெங்கும் ஏற்கப்பட்டதன் காரணம் இதுவே. ஒரு மடங்கில் வைத்து இரு கண்ணையும் திறந்து நோக்கினால், அது ஏறக்குறையப் பழைய திறந்த குறியேதான். யானைவேடனின் மணியும் பள்ளமும் நெடுவழி சுற்றிக் கண்ணாடிக்குள் திரும்பி வந்தன என்று கூறலாம்.

பேராக்கில் இவ்வளர்ச்சி நிறைவுறுமுன்பே துப்பாக்கியின் பொருள் வேறாகிவிட்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டங்கள் முள்வேலிக்குள் வாழ்ந்தன. அப்போரிலும் காட்டுச் சண்டைகள் பெரும்பாலும் மிக அருகிலேயே நடந்தன. தொலைநோக்கி ரைபிளைவிடச் சன்னம் தெளிக்கும் சாதாரணத் துப்பாக்கியே அங்கு விரும்பப்பட்டது. மழைக்காடு வேடனுக்குக் கற்பித்ததையே படைவீரனுக்கும் கற்பித்தது எனலாம். 1960இல் ஆயுதச் சட்டமும் 1971இல் சுடுகலக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதிக்கும் சட்டமும் வந்தன. தனியாருக்கு ரைபிள் உரிமம் கிடைப்பது அரிதாயிற்று. பன்றி சுடுவோர் கையில் இன்றும் பெரும்பாலும் இருப்பது தோட்டாத் துப்பாக்கியே. அதன் நுனியில் உள்ள குறி ஒரு சிறு பித்தளை மணி.

வேட்டை விலங்குகளின் கதை வேறு வழியில் முடிந்தது. செலாடாங் வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹப்பாக், பின்னாளில் அவ்விலங்குகளின் பெருங்காவலராக மாறினார். 1932இல் வெளிவந்த வனவிலங்கு ஆணையத்தின் அறிக்கையும் இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்காவும் அவர் உழைப்பின் பயன்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு ஈடாக 2010இல் வந்த சட்டமும் காப்பின் எல்லையை விரித்தன. காண்டாமிருகத்துக்கு அவை காலம் கடந்து வந்தவை. 2019 நவம்பரில் சபாவில் இமான் என்னும் கடைசிப் பெண் காண்டாமிருகம் இறந்ததோடு மலேசியாவில் அவ்வினம் அற்றுப்போயிற்று. தீபகற்பத்தின் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என 2022இல் அறிவிக்கப்பட்டது.

தோட்டத்துக்குள் நுழையும் யானையை இன்று யாரும் .450 ரைபிளோடு எதிர்கொள்வதில்லை. 1974இல் வனவிலங்குத் துறை தனியே ஒரு யானைப் பிரிவை அமைத்தது. அசாமிலிருந்து பழக்கப்பட்ட யானைகள் வரவழைக்கப்பட்டன. மயக்க ஊசி எய்து, பழகிய யானைகளின் நடுவே நிறுத்தி நடத்தி, லாரியில் ஏற்றி, அடர்காட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஊசி எய்யும் துப்பாக்கி பெரிதாக உதைப்பதில்லை. ஆயினும் எய்பவர் விலங்கை மிக நெருங்கியே தீர வேண்டும். ஊசி தொடையிலோ தோளிலோ உள்ள தடித்த தசையில் சென்று பதிய வேண்டும். பதிந்த பின்னும் மயக்கம் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் விலங்கைத் தொடர்ந்து புதருக்குள் நடப்பவர், சையர்ஸ் காலத்தைப் போலவே, தடம் பார்க்கத் தெரிந்தவர்தாம்.